ரெண்டாயிரத்து அறுபது பேர்

பத்து மணிக்கு விசில் ஊதும்.
முகக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு
அம்பகாமக் காட்டு விளிம்பில்
எல்லோரும் தேத்தண்ணிக்குப் போவார்கள்.
நான் வெந்நீர் குடிப்பேன்.
"மோர்மனுக்குத் தேயிலையும் மிதிவெடியோ?"
என்பான் ரஜீபன்.
மூன்று வருஷமாய் அதே பகிடி.
சிரிப்பேன்.

எங்கள் வேதம் தகட்டில் எழுதப்பட்டது.
ஒரு சனம் முழுதாய் அழிந்தபின்
மிஞ்சின ஒருவன்
அதைக் குன்றுக்குள் வைத்து மூடினானாம்.
வெள்ளைச் சட்டை போட்ட பத்தொன்பது வயது மூப்பர்
இதைச் சொன்ன அன்று
நான் கேட்ட முதல் கேள்வி:
எத்தனை சென்ரிமீற்றர் ஆழம்?
கொப்பியில் குறித்துக்கொண்டு போனார்.
இன்னும் பதில் வரவில்லை.

இரவில் ஒரு பக்கம் வாசிப்பேன்.
மனுசன் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் காவடி எடுக்கிறவர்,
ஆனாலும் அந்த நேரம்
ரீவிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.
களைப்பில் ஒரே வரியை மூன்றுதரம் வாசித்துவிட்டு
புத்தகத்தின்மேல் முகம் வைத்துத் தூங்கிப்போவதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாங்குளத்தில்
சைக்கிள் கடைக்குப் பின்னறை.
ஏழு கதிரை, ஐந்து பேர்.
சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ ரியூப்புக்குக் காற்றடிக்க
இங்கே பாணும் தண்ணீரும் கைமாறும்.

வாள்களை ஆழப் புதைத்த சனத்தை ஒரு கிழமை படித்தோம்.
இனித் தொடோம் என்று சத்தியம் செய்து
வெட்ட வந்தவர்முன் முழங்காலில் விழுந்தவர்கள்.
தயாநேசன் மட்டும் கேட்டார்,
புதைச்ச இடத்தில அடையாளம் வைச்சவையோ என்று.
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

அடுத்த கிழமை அவர்களுடைய பிள்ளைகள்.
பிள்ளைகள் சத்தியம் செய்யவில்லை,
ஆகவே ஆயுதம் எடுக்கலாம்.
ரெண்டாயிரத்து அறுபது பேர்.
எல்லோருக்கும் காயம்.
ஒருவனும் சாகவில்லை.
தாய்மார் விசுவாசத்தில் வளர்த்தார்களாம்,
அந்தத் தாய்மாருக்குச் சந்தேகமே இருக்கவில்லையாம்.

பாடம் நடத்தும் முறை எனக்கு.
கையேட்டில் ஒரு கேள்வி, கீழே நான்கு வெற்றுக்கோடு:
இந்தத் தாய்மாரிடம் நாம் கற்பது என்ன?
வாசித்துவிட்டேன்.
வாசித்த பிறகுதான்
புவனமலரக்கா அறையில் இருப்பது உறைத்தது.

அவ புத்தகத்தை மூடவில்லை.
விரலை வரியில் வைத்தபடி கேட்டா:
"அப்ப நான்
சந்தேகப்பட்டனானோ?"

காற்றடிக்கிற சத்தம் நின்றிருந்தது.
தயாநேசன் செபம் சொல்ல வாய் திறந்தார்.
"பொறுங்கோ. நான் கடவுளிட்டக் கேக்கேல்லை.
இவவிட்டத்தான் கேக்கிறன்."

மண்ணுக்குள் கம்பி எதிலோ தட்டினால்
என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.
அழுத்தாமல், அவசரப்படாமல்
பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாய் எடுக்கவேணும்.
அன்றைக்கு நான்
அடுத்த வசனத்தை வாசித்தேன்.

இனி வரமாட்டா என்று நினைத்தேன்.
மறு ஞாயிறு எனக்கு முன்னமே வந்து
கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தா.
பாண்தட்டோடு குனிந்தபோது
மடியில் திறந்திருந்த பக்கம் தெரிந்தது.
வசனத்தின் ஓரத்தில், பென்சிலால்,
துஷாந்தன், பத்தாம் ஆண்டு.
கீழே இன்னும் சின்னதாய்,
ஓம், சந்தேகப்பட்டன். ஒவ்வொரு நாளும்.
அதற்கும் கீழே எழுதி அழித்து எழுதி அழித்த ஓர் இடம்,
தாள் மெலிந்து
மறுபக்க எழுத்துத் தெரிந்தது.

ஒரு துண்டு எடுத்தா.
தட்டை என் பக்கம் திருப்பிப் பிடித்தா,
நான் எடுக்கும்வரைக்கும்.

திங்கள்.
காலையிலிருந்து ஆறு போத்தல் மூடி, ஒரு கரண்டி.
இப்போது கருவி மறுபடியும் கத்துகிறது.
இரும்பு உண்டென்று மட்டும்தான்
அதற்குச் சொல்லத் தெரியும்.
சிவப்புத் தலைக் குச்சியை நட்டுவிட்டு
முழங்காலில் இருந்து
பக்கத்திலிருந்து தோண்டத் தொடங்குகிறேன்.